கருவி மாற்றிய மன்னர்

புதிய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்து அழகாக இருக்கும். தலைப்புக்கு அடிக்கோடு, இடப்புறம் ஓரக்கோடு, முடிந்தால் இரண்டு வண்ண மை. பத்தாம் பக்கம் வரும்போது ஓரக்கோடு மறைந்துவிடும். இருபதாம் பக்கத்துக்குப் பின் வெறும் தாள்தான். குறை எழுதுபவரிடம் இல்லை, குறிப்பேட்டில்தான் இருக்கிறது என்று மனம் எளிதாக முடிவுகட்டும், வேறொன்று வாங்கப்படும். இன்று அந்த இடத்தைக் கைப்பேசிச் செயலிகள் பிடித்துக்கொண்டன. பறவை நோக்கும் ஆர்வலர் ஒருவர் தம் குறிப்புகளை ஏட்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து கைப்பேசிக்கும், ஒரு செயலியிலிருந்து அதைவிடச் சிறந்ததாகச் சொல்லப்படும் மற்றொரு செயலிக்கும் மாற்றிக்கொண்டிருப்பதிலேயே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிடுகிறார். வயல்வரப்பில் வந்து நின்ற நாரை அதற்குள் பறந்துவிடுகிறது.

இப்பழக்கம் செயலிகளோடு பிறந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தஞ்சாவூர் அரண்மனையில் ஒருவர் இதே பழக்கத்தோடு வாழ்ந்தார். அவரிடம் பணம் இருந்தது, நேரமும் இருந்தது. ஆள்வதற்கு நாடு மட்டும் இல்லை.

இரண்டாம் சரபோஜி 1777ஆம் ஆண்டு பிறந்தவர். தஞ்சை மராத்திய மன்னர் துளஜாஜி அவரைத் தத்தெடுத்தார். அரியணைப் பூசலுக்கிடையே வளர்ந்த அச்சிறுவனுக்குக் காவலராகவும் ஆசிரியராகவும் அமைந்தவர் ஜெர்மானியச் சமயப் பணியாளரான சுவார்ட்ஸ். பூசல் முற்றியபோது, 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆங்கிலக் கல்வி தொடர்ந்தது. 1798இல் அவர் மன்னரானார். மறு ஆண்டே, அக்டோபர் திங்களில், கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தஞ்சைச் சீமையின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், சீமையின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காவிரிப் படுகையின் வருவாய் என்பது நெல். இலண்டனில் கப்பலேறி, சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ கரையிறங்கி, மாட்டு வண்டியில் கோட்டை வாயிலுக்கு வந்த ஒவ்வொரு கண்ணாடிக் குழாயின் விலையும் கடைசியில் குறுவையிலும் சம்பாவிலும்தான் போய் நின்றது. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் அக்கருவிகளைக் கண்ணால் கண்டவர்களல்லர். மன்னரின் விருப்பங்களைப் பாராட்டி எழுதுவோர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1806ஆம் ஆண்டில் கிளாடியஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அரண்மனைக்கு வந்தார். தாம் கண்டவற்றை அவர் தம் பயண நூலில் பதிந்து வைத்தார். அந்தப் பட்டியல் ஓர் ஆர்வலரின் அறையை அப்படியே காட்டுகிறது. கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பொறி ஒன்று. சுழற்றினால் மின்சாரம் உண்டாக்கும் பொறி மற்றொன்று. தந்தத்தால் ஆன மனித எலும்புக்கூடு. விண்மீன் நோக்கும் கருவிகள். பேழை பேழையாகப் புத்தகங்கள். நாணயங்கள். பூக்களின் ஓவியங்கள். தாளில் ஒட்டி உலர்த்திய மூலிகைகள். அவற்றின் மருத்துவக் குணங்களை மன்னரே விளக்கியிருக்கிறார். புத்தகங்களில் பல மருத்துவம் பற்றியவை என்று எழுதும்போது, அந்தப் பாதிரியார் போகிற போக்கில் ஒரு செய்தியைச் சொல்லிச் செல்கிறார்: மருத்துவம் சில ஆண்டுகள் மன்னரின் விருப்பப் படிப்பாக இருந்ததாம். 'சில ஆண்டுகள்' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். 1806இல் அந்த விருப்பம் ஏற்கெனவே பழையதாகியிருந்தது போலும்.

விருப்பங்கள் வந்துகொண்டே இருந்தன. 1805ஆம் ஆண்டளவில் அரண்மனைக்குள் 'நவ வித்யா கலாநிதி' என்ற பெயரில் அச்சகம் எழுந்தது. தேவநாகரி எழுத்துகளைக் கோத்து வடமொழியும் மராத்தியும் அச்சிட்டார்கள். தென்னாட்டில் அதற்கு முன்னோடி இல்லை என்பர். ஈசாப்புக் கதைகள் மராத்தியில் வந்தன. ஆனால் அவ்வச்சகத்தின் நூல்களாக அறியப்பட்டவை சிலவே. அச்சு எந்திரத்துக்கு அருகிலேயே ஓலையில் கீறுவோரும் தாளில் படியெடுப்போரும் தம் பழைய வேலையைத் தொடர்ந்தனர். ஓலை, தாள், அச்சு என மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. எதையும் எதுவும் வெல்லவில்லை. இவற்றுக்கிடையே மேனாட்டு இசைக்கருவிகளைக் கொண்ட வாத்தியக் குழு ஒன்றும் அரண்மனையில் இருந்தது. 1820இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சூழக் காசிக்குப் புறப்பட்ட மன்னர், வழியெங்கும் சுவடிகளைத் திரட்டினார்.

1826ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து சந்தித்த ஆயர் ஹீபர், பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேயும் சுவீடனின் தாவரவியலாளர் லின்னேயசும் எழுதியவற்றை மன்னர் சரளமாக எடுத்துக்காட்டிப் பேசியதைக் கண்டு வியந்தார். வியப்பில் தவறில்லை. எனினும் ஒருவர் எத்தனை துறைகளைப் பற்றிப் பேசுகிறார் என்பதைக் கொண்டு அவர் எத்துறையில் உழைத்தார் என்று அறிய முடியாது. அச்சான நூல்கள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் அரண்மனை நூலகத்தில் சேர்ந்தன. பலவற்றில் மன்னர் தம் கையொப்பத்தை ஆங்கிலத்தில் இட்டிருக்கிறார். கையொப்பம் முதல் பக்கத்தில் இருக்கும். எல்லாவற்றையும் கடைசிப் பக்கம் வரை புரட்டியிருப்பாரா என்று கேட்பது கொஞ்சம் குறும்பான கேள்விதான். புத்தகம் வாங்கும் பழக்கமுள்ளவர் எவரும் அக்கேள்வியைப் பிறரிடம் அழுத்திக் கேட்க மாட்டார்.

ஆட்சியை இழந்தவர் பொம்மைகளில் ஆறுதல் தேடினார் என்று இத்துடன் முடித்துவிடலாம். முடிக்கவிடாமல் தடுப்பவை கண்நோய்க் குறிப்புகள்.

சரசுவதி மகால் நூலகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கண் நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் உள்ளன. இவர் இன்னார், கண்ணில் இன்ன கோளாறு, செய்த மருத்துவம் இது, அதற்குப்பின் கண்ணின் நிலை இது என்று ஒவ்வொருவரையும் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. கண்ணின் படங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. கண் மருத்துவர்கள் அப்படங்களைப் பார்த்தே நோயை இனங்காண முயல்கிறார்கள். மெக்பீன் என்ற ஆங்கில மருத்துவர் உடனிருந்தார். அறுவைக் கத்தியைப் பிடித்த கை மன்னருடையதா, மருத்துவருடையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது அவ்வளவு பெரிய கேள்வியன்று. மருத்துவம் பார்த்த பின்னர் அந்தக் கண் என்னவாயிற்று என்று திரும்பிப் பார்த்து எழுதினார்களே, அதுதான் பெரிது. காற்றுறிஞ்சும் பொறியை விருந்தினருக்கு இயக்கிக் காட்ட ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு கண் ஆறுகிறதா என்று அறியப் பல நாள் காத்திருக்க வேண்டும். முதல் நாள் எழுதிய முறையிலேயே கடைசி நாளும் எழுத வேண்டும். குறிப்பேட்டை நடுவில் மாற்றிவிட்டால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட வழியில்லை.

மன்னர் நிறுவிய தன்வந்திரி மகாலிலும் இதே பொறுமையைக் காணலாம். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கிலும் வல்லவர்கள் அங்கே கூடி மருந்துகளை ஆராய்ந்தனர். அவற்றுள் பல முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயர் பெற்றன. செய்யுளை ஏன் தேர்ந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. அச்சகமோ அருகிலேயே இருந்தது. ஆனால் நாட்டு வைத்தியரின் பெட்டியில் இருந்தது ஓலை. அவர் நினைவில் நின்றது பாட்டு. மருந்தைக் கையாளப்போகிறவருக்குப் பழகிய கருவி எதுவோ அதையே அங்குத் தேர்ந்தனர். அரண்மனைக்கு வந்த கருவிகளுள் மிகப் புதியதை ஒதுக்கி மிகப் பழையதை எடுத்த இந்த ஒரு முடிவு, மற்ற வாங்கல்கள் அனைத்தையும்விட அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது.

ஓரிடத்தில் புதிய கருவியே வென்றது, அது வயலின். ஐரோப்பியர் கொண்டுவந்த அக்கருவியைப் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் தம் இசைக்குப் பழக்கினர். வடிவேலு பின்னர் திருவிதாங்கூர் சென்றபோது, மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நாற்காலியில் அமர்ந்து தோளில் சாய்த்து வாசிக்கப்பட்ட கருவி, இங்கே தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் மார்புக்கும் காலுக்கும் இடையே சாய்ந்துகொண்டது. கருவிக்கேற்ப இசையை மாற்றாமல் இசைக்கேற்பக் கருவியைப் பிடித்தார்கள்.

சரபோஜி 1832இல் மறைந்தார். பிற்காலத்தில் தஞ்சாவூருக்கு ஆசிரியப் பணிக்கு வந்த ஆபிரகாம் பண்டிதரிடமும் இதே பலவேட்கை இருந்தது. 1859இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஒளிப்படம் எடுத்தார், வயலின் பயின்றார், சித்த மருத்துவத்துக்காகப் பள்ளி வேலையை விட்டார், நகருக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற தோட்டம் அமைத்துக் கரும்பு முதலிய பயிர்களில் சோதனை செய்தார், மின்விசையால் ஓடும் அச்சகமும் வைத்தார். இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி அவரை விடவில்லை: ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? இருபத்திரண்டு என்று பெரும்பாலோர் சொல்லிவந்தனர். பண்டிதர் சிலப்பதிகாரத்தைப் படித்தார், வீணையின் தந்தியை அளந்தார், கணக்குப் போட்டார், 1912 முதல் தஞ்சையில் தம் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டுக்குச் சென்று, இருபத்துநான்கே சரி என்று வாதிட்டு, தம் மகளிரைக் கொண்டு வீணையில் மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. மறு ஆண்டு வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. படம் பிடித்த கையும் கரும்பு நட்ட கையும் அந்த ஒரு கணக்கைக் கைவிடவில்லை.

இதனைச் சரபோஜிக்கு எதிரான சான்றாக நிறுத்துவது முறையாகாது. பண்டிதர் தம் உழைப்பால் சேர்த்த பொருளைத் தம் கேள்விக்குச் செலவிட்டவர். அடுத்து என்ன செய்வது என்பதை அவரே தீர்மானிக்க முடிந்தது. கம்பெனியின் அதிகாரி கோட்டைக்கு அருகிலேயே இருந்து கண்காணிக்க, செய்தக்க பெரிய வேலை எதுவும் இல்லாத மன்னருக்கு, கருவிக்குக் கருவி தாவுவது மட்டுமே தடையற்ற பயணமாக இருந்தது. ஒரத்தநாட்டில் அவர் நடத்திய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் மாணவருக்குக் கல்வியும் கிடைத்தன. படுகையின் நெல்லில் ஒரு பகுதியாவது அவ்வழியே படுகைக்குத் திரும்பியது.

சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855இல் இறந்ததும் அரசு கம்பெனிக்குப் போயிற்று. நூலகம் தப்பியது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், அங்குள்ள வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தி 1880இல் அட்டவணை வெளியிட்டார். 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. காட்சிக்கூடத்தில் இன்று மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் அருகருகே ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியங்களின் முன் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தபடி நிற்கிறார்கள். உள்ளே ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து நுண்படச் சுருளுக்கும், சுருளிலிருந்து கணினிக்கும் சுவடிகள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.

அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் மோடி எழுத்தில் உள்ளன. கையெடுக்காமல் விரைந்து எழுத உதவிய மராத்திய எழுத்து அது. இன்ன நாளில் இன்ன பொருள் வாங்கியது, இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தது எனக் கட்டுக் கட்டாக ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. மோடி படிக்கத் தெரிந்தவர்கள்தாம் மிகச் சிலர். எஞ்சிய கட்டுகள் துணியில் சுற்றப்பட்டு அலமாரியில் இருக்கின்றன.