ஒரு பூஜ்யம் போதும்

போன மாதம் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தபோது, மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பேரனின் கைபேசித் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார். கலர் கலராக ஒரு சக்கரம், சுற்றிலும் எண்கள். "நீங்க பிரெஞ்சுல படிச்சவராச்சே சார், இதுல இருக்கிற பேருக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்றார். பையனின் மூன்று மாதச் சம்பளம் அதில் போயிருந்தது. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கசினோ என்பது இத்தாலியச் சொல். 'சின்ன வீடு' என்று பொருள். ரூலெட் பிரெஞ்சுச் சொல், 'சின்னச் சக்கரம்'. பிளாக்ஜாக் என்கிறார்களே, அதற்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் வெறும் 'இருபத்தொன்று'. சீட்டுக்கட்டுகளை அடுக்கி ஒவ்வொன்றாக உருவும் பெட்டிக்கு 'சபோ' என்று பெயர். மரச்செருப்பு என்று அர்த்தம். கேட்க எல்லாம் வீட்டுச் சாமான் பெயர் மாதிரிதான் இருக்கும்.

மேசையை நடத்தும் ஊழியரை 'க்ரூப்பியே' என்பார்கள். குதிரையில் ஒருவருக்குப் பின்னால் தொற்றி உட்காருபவர் என்பது பழைய பொருள். பிறகு, சூதாடுகிறவனுக்குப் பின்னால் துணையாக நிற்பவரைக் குறித்தது. இன்று அவர் சம்பளம் வாங்குவது விடுதிக்காரரிடம்.

பணத்தைக் கட்ட வேண்டிய நேரம் முடிந்ததும் அவர், 'ரியான் ந வா ப்ளூ' என்பார். இனி யாரும் பணம் வைக்கக்கூடாது என்று பொருள். அன்றாடப் பிரெஞ்சுப் பேச்சில் இதே வாக்கியத்துக்கு 'எல்லாம் கெட்டுப்போச்சு' என்று அர்த்தம்!

'சிப்' என்பது காசுக்குப் பதிலாகத் தரும் வில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைக்கக் கை தயங்கும். வில்லையை வைக்கத் தயங்காது. கைபேசியில் அந்த வில்லையும் கிடையாது, வெறும் எண்தான்.

முக்கியமான சொல் 'ஹவுஸ் எட்ஜ்'. விடுதிக்காரரின் நிரந்தரப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு ரூலெட்டில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம், ஆக 37 கட்டம். நாம் கட்டிய எண் விழுந்தால் 35 மடங்கு தருவார்கள், வைத்த பணமும் திரும்ப வரும். சரி, 37 கட்டத்திலும் நூறு நூறு ரூபாய் வையுங்கள். போட்டது 3,700. எது விழுந்தாலும் கைக்கு வருவது 3,600. நூறு ரூபாய் எப்படியும் போய்விடும். ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை, அந்தப் பூஜ்யமே போதும். 1843இல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில், பிளாங்க் என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் இரண்டு பூஜ்யத்தில் ஒன்றை எடுத்துவிட்டு ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தை வைத்தார்கள். கூட்டம் குவிந்தது. அவர்களும் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள்.

'மார்த்தாங்கேல்' என்று ஒரு தந்திரம் உண்டு. தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வைப்பது. நூறில் தொடங்கி, வரிசையாகப் பத்துத் தடவை தோற்றால் 1,02,300 ரூபாய் போயிருக்கும். பதினோராவது தடவை 1,02,400 வைக்க வேண்டும். அதில் ஜெயித்தாலும் மொத்த லாபம் நூறு ரூபாய்தான்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. திருக்குறளில் 94ஆம் அதிகாரமே சூதுதான். அங்கே 'கழகம்' என்ற சொல்லுக்குச் சூதாடும் இடம் என்று பொருள்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் ஒழிந்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் செய்தது. சட்டம் வந்தும் ஏதோ ஒரு பெயரில் சக்கரம் கைபேசிக்குள் வந்துவிடுகிறது.

வீட்டில் பிள்ளை யாராவது இதில் சிக்கியிருந்தால் முதலில் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை மறைத்து ஆடுவான். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் 3,700 என்றும் 3,600 என்றும் எழுதி, அந்த நூறு ரூபாய் யாரிடம் போனது என்று அவனையே கேளுங்கள்.