இரண்டு தட்டு என்றால் சரி

படகு ஒழுகுகிறதா என்று பார்க்க அதை ஏரியில் இறக்கத் தேவையில்லை. படகுக்குள் தண்ணீர் ஊற்றினால் போதும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மில் லாக்ஸ் ஏரிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்தப் பட்டறையில் நான் முதலில் பார்த்த வேலை அதுதான். டிரெய்லர் மேல் நின்ற அலுமினியப் படகுக்குள் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் பட்டறைக்காரர். நாலு விரற்கடை ஏறியதும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் விட்டால் தண்ணீரின் கனமே தகட்டை வளைத்துவிடும். ஏரியில் என்றால் வெளியிலிருக்கும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க எதுவும் இல்லை.

பிறகு அவரும் அவர் மகளும் ஆளுக்கொரு மெழுகுப் பென்சிலோடு படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். தகட்டோடு தகட்டைப் பிணைக்கும் ரிவெட்டுகளில் சொட்டுகிறதைச் சுற்றி ஒரு வட்டம். ஈரம் மட்டும் காட்டுகிற ரிவெட்டுக்கு ஒரு கோடு. சாதாரணப் பென்சிலால் குறிக்கக் கூடாதாம். அதிலுள்ள கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். விமானம் கட்டுகிற இடங்களிலும் இதே தடை உண்டு என்றார் மகள்.

விமானத்தை அவர் பேச்சில் இழுத்தது தற்செயல் இல்லை. இந்தப் படகுகளின் பிறப்பே விமானத் தொழிற்சாலையில்தான். 1944இல் கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன், நியூயார்க் மாநிலத்து ஆடிரண்டாக் மலைப்பகுதிக்கு மீன்பிடிக்கப் போனார். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தோளில் தூக்கிச் சுமந்த மரமும் கித்தானுமான தோணியின் கனம் அவரை யோசிக்க வைத்தது. போர்விமானத்துக்குத் தகடு வளைக்கிற நாம் தோணிக்கும் வளைக்கலாமே என்று கேட்டார். போர் முடிந்த 1945இலேயே கிரம்மனின் அலுமினியத் தோணிகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. மினசோட்டாவில் அடுத்த ஆண்டே மினியாபொலிஸின் ஓர் அலங்கார இரும்புவேலை நிறுவனம் அலுமாகிராஃப்ட் என்ற பெயரில் படகு செய்ய இறங்கியது. லிட்டில் ஃபால்ஸில் கிரெஸ்ட்லைனர், 1948இல் நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் லுண்ட். போருக்குப் பின் தகடும் மிச்சமிருந்தது, தகட்டில் ரிவெட் அடிக்கப் பழகிய கைகளும் வேலை தேடிக்கொண்டிருந்தன.

எங்கள் முன் நின்றதும் ஓர் அலுமாகிராஃப்ட். 1950களின் கடைசியில் செய்தது. நீளம் 15.5 அடி, பின்பக்க அகலம் 5 அடி, தகட்டின் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். முன்பக்கம் சின்னத் தளமும் வளைந்த கண்ணாடியும் அக்காலத்துக் கார்களின் சாயலில் இருந்தன. வாடிக்கையாளருக்கு இது தாத்தா வழி வந்த படகு. அவருக்கு இந்த உருவம் அப்படியே வேண்டும். ஆனால் இயந்திரம் இன்றையதாக இருக்க வேண்டும், மீன் காட்டும் திரை வேண்டும், ஜிபிஎஸ் வேண்டும், முன்முனையான அணியத்தில் மின்மோட்டாரும் வேண்டும். மே மாதம் மீன்பிடி பருவம் திறக்கும் சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இந்த மாநிலத்தில் அந்தச் சனிக்கிழமை ஒரு திருவிழா.

வெல்டிங் வைத்து ஓட்டையை அடைத்துவிடலாமே என்று கேட்டேன். பட்டறைக்காரர் ஒரு துண்டுத் தகட்டை எடுத்து நெருப்பில் காட்டினார். இரும்பு சூடேறும்போது சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாது. 660 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் சட்டென்று உருகி விழுந்துவிடும். அதன் மேல் படிந்த ஆக்சைடு படலமோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மெல்லிய பழைய தகட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே கைத்திறம் காட்டி வெல்டிங் வைத்தாலும், சூடு பட்ட இடம் தன் முறுக்கை இழந்து இளகிவிடும். நாளடைவில் அதன் ஓரத்திலேயே வெடிப்பு விடும். ரிவெட்டால் கட்டிய உடம்புக்கு ரிவெட்தான் மருந்து.

ரிவெட் அடிப்பது இரண்டு ஆள் வேலை. நான் நெடுநேரம் நின்று பார்த்ததும் இதைத்தான். வட்டமிட்ட ரிவெட்டின் தலையை அப்பா துளைக்கருவியால் குடைந்து எடுக்கிறார். பழைய தண்டைத் தட்டி வெளியே தள்ளுகிறார். பழைய துளை தேய்ந்து அகன்றிருப்பதால் ஒரு அளவு பெரிய ரிவெட்டைச் செருகுகிறார். மகள் படகுக்குள் குனிந்து, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மேல் கையடக்கமான எஃகுக் கட்டையை அழுத்திப் பிடிக்கிறார். வெளியே காற்றழுத்தத் துப்பாக்கி டர்ரென்று அதிர, உள்ளே தண்டு எஃகில் மோதி நசுங்கித் தலையாக விரிகிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காதில் அடைப்பான் வேறு. பேச்சுக்கு வழியே இல்லை என்பதால் தட்டுகளால் பேசிக்கொள்கிறார்கள். மகள் கட்டையால் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் கெட்டுப்போயிற்று, பிடுங்கு. போர்க்கால விமானக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் பேசிய அதே பாஷை.

சரியா இல்லையா என்பதற்கு அளவு உண்டு. விரிந்த தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், உயரம் விட்டத்தில் பாதி. ஆனால் மகள் அளவுகோலைத் தொடவே இல்லை. கட்டை விரலால் ஒருமுறை தடவினார், தட்டினார். ஓரிடத்தில் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. மூன்று தட்டு. அப்பா மறுபேச்சில்லாமல் துளைக்கருவியை எடுத்தார்.

“உள்ளே இருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ரிவெட்டும் அழகாகத்தான் இருக்கும்” என்றார் என்னிடம்.

மாலையானால் விரல்நுனிகள் மரத்துப்போகும் என்று மகள் கையை நீவிக்கொண்டே சொன்னார். அதிர்வைத் தடுக்கும் கையுறை போட்டால் தண்டு விரிவது விரலுக்குத் தெரியாது. போடாவிட்டால் விரல் கெடும். மெல்லிய கையுறை ஒன்றைப் போட்டு, அரைமணிக்கொருதரம் அப்பாவோடு இடம் மாற்றிக்கொள்கிறார். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அபூர்வம் என்பதில் எனக்கு வியப்பில்லை. இப்படி மறைவில் செய்யும் வேலைக்கு, படகை விலைக்கு வாங்குகிறவர்கள் ஒருநாளும் தனியாக ஒரு காசு தருவதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

ரிவெட்டுகள் ஏன் இப்படித் தளர்ந்தன என்பதற்கு விடை தரைப்பலகைக்குக் கீழே இருந்தது. முன்பு யாரோ மிதவைக்காக ஃபோம் ஊற்றி நிரப்பியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீர் வடிய வழி விடவில்லை. பல ஆண்டுகள் ஊறி, வெட்டி எடுத்த கட்டிகள் ஈரச் செங்கலாகக் கனத்தன. மினசோட்டாக் குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும்போதெல்லாம் தகட்டை உள்ளிருந்து நெம்பியிருக்கிறது. புதிய ஃபோம் வைக்கும்போது படகின் அடிமுதுகெலும்பான ஏராவை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் விட்டார்கள். உள்ளே எது புகுந்தாலும் பின்பக்கம் ஓடி வந்துவிடும்.

பின்பலகையின் கதை இன்னும் மோசம். இயந்திரம் தொங்குவது அதில்தான். உள்ளே மரம் உளுத்துப்போய், யாரோ ஒருவர் வீடு கட்டும் மருந்தடித்த மரத்தை வெட்டிச் செருகியிருக்கிறார். அம்மரத்தில் ஏற்றும் மருந்தில் தாமிரம் இருக்கிறது. தாமிரமும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் கரையும். பலகையை உருவியபோது தகட்டின் உள்முகம் முழுக்க வெள்ளைப் பொடி. சில இடங்களில் ஊசி நுழையும் குழிகள். அரித்த இடத்தைச் சுரண்டி, ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். புதுப்பலகை கடல்வேலைக்கான பிளைவுட், ஓரமெல்லாம் எபாக்சியில் முக்கி எடுத்தது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள்கூட அலுமினியத்தை நேராகத் தொடாதபடி ஒவ்வொன்றுக்கும் பசை தடவினார்கள்.

பழைய பின்பலகையின் உயரம் 15 அங்குலம். இன்றைய இயந்திரங்களில் பெரும்பாலானவை 20 அங்குலத்துக்கானவை. எனவே உயர்த்தினார்கள். இங்கேதான் வாடிக்கையாளருக்கும் பட்டறைக்காரருக்கும் வாக்குவாதம். 1972 நவம்பருக்கு முந்திய படகு என்பதால், எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்று சொல்லும் தகடு இதில் கிடையாது. கூட்டரசு விதிகளில் கணக்கு இருக்கிறது: நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் பெருக்கினால் 77.5. பின்பலகை 20 அங்குலம் உயர்ந்து, முன்னாலிருந்து ஓட்டும் சக்கரமும் இருந்தால் அதை இரட்டித்து 90 கழிக்கலாம். 65 குதிரை வருகிறது. 20 அங்குலம் இல்லையென்றால் 0.8ஆல் பெருக்கி 25 கழிக்க வேண்டும். 37, அதை 40 என்று முழுமையாக்கலாம். வாடிக்கையாளருக்கு 60 வேண்டும். விதி அனுமதிக்கிறதே என்றார்.

“பலகையை உயர்த்தியது நான். அடித்தகட்டை நான் தடிமனாக்கவில்லையே” என்றார் பட்டறைக்காரர். “இந்த உடம்பு கட்டப்பட்டது 35 குதிரைக்கு. 40க்கு மேல் நான் மாட்ட மாட்டேன். வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.”

என் கட்சி அவர் கட்சிதான். கணக்கு காகிதத்தில் இருக்கிறது. அறுபது வயது கடந்த ரிவெட்டுகளின் நிலை அவர் கைக்குத் தெரிகிறது. வந்த வேலையை இழக்கத் துணிந்து இல்லை என்று சொல்வதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி என்று அன்று எனக்குப் பட்டது. முணுமுணுத்துக்கொண்டே வாடிக்கையாளர் 40க்கு இறங்கி வந்தார்.

அந்த 40 குதிரை நான்கு வீச்சு இயந்திரமே சுமார் 100 கிலோ. தாத்தா காலத்து இரண்டு வீச்சு எவின்ரூட் இயந்திரம் அதைவிட வெகு இலேசு. மூலையில் தாங்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். நீல வண்ணம் வெளிறியிருந்தாலும் கம்பீரம் குறையவில்லை. ஆனால் அந்தக் காலத்து இரண்டு வீச்சு இயந்திரங்கள் குடிக்கும் பெட்ரோலில் கால்பங்குக்கும் மேல் எரியாமலே தண்ணீரில் கலக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1996இல் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு அவை மெல்ல மறைந்தன. 1909இல் தொடங்கிய எவின்ரூட் இயந்திரங்களின் உற்பத்தியே 2020இல் நின்றுவிட்டது. குடும்பத்தின் நினைவாக அதைக் கூடத்தில் வைத்துக்கொள்ளட்டும், ஏரி பிழைக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

பின்பக்கம் ஏறிய கனத்தை முன்பக்கம் சரிக்கட்ட வேண்டும். பேட்டரிகளை அணியத்துத் தளத்தின் கீழே கொண்டுபோனார்கள். மின்மோட்டாரும் அங்கேதான். அந்த வகை மோட்டாரும் இந்த வட்டாரத்துப் பிள்ளை: 1934இல் பக்கத்து மாநிலத்து ஃபார்கோவில் ஓ. ஜி. ஷ்மிட் செய்தது, பின்னர் மின் கோட்டா என்று பெயர் பெற்றது. மீன் காட்டும் கருவியை 1950களின் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் கார்ல் லோரன்ஸ். ஆக இந்தப் படகு பிறந்த காலத்திலேயே இவையெல்லாம் பிறந்துவிட்டன. இப்போது திரை பெரிதாகி, செயற்கைக்கோளும் சேர்ந்திருக்கிறது.

மின்கம்பி இழுத்தவர் இளைஞர், அதிகம் பேசாதவர். அவர் வேலையின் முழு நோக்கமும் ஒன்றே: படகின் உடம்பில் மின்சாரம் ஓடக் கூடாது. காரில் பாடியையே திரும்பும் கம்பியாகப் பயன்படுத்துவார்கள். அலுமினியப் படகில் அப்படிச் செய்தால், தண்ணீரில் நிற்கும் தகடு நாளாவட்டத்தில் அரித்து ஓட்டையாகும். எனவே ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. வருபவை எல்லாம் ஒரே பஸ்பார் பட்டையில் சேரும். கம்பிகள் வெள்ளீயம் பூசிய தாமிரம். பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ். இயந்திரத்தை முடுக்கும் நொடியில் மின்னழுத்தம் இறங்கித் திரை அணைந்துவிடும் என்பதால் திரைக்குத் தனி பேட்டரி. மீன் காட்டும் கருவியின் ஒலியுணரியைப் பொருத்த, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தகட்டைத் துளைக்காமல், பின்பலகையில் தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிட்டார்; இனி எந்தக் கருவி மாறினாலும் திருகாணி அந்தப் பலகையில்தான் ஏறும். பெரிய திரைக்காகப் பழைய முன்பலகையை வெட்டச் சொன்னார் வாடிக்கையாளர். இளைஞர் பதில் சொல்லாமல், கழற்றி எடுக்கும் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். திரையை எடுத்துவிட்டால் பழைய முகம் அப்படியே இருக்கிறது. வெட்டு விழவில்லை.

ஏப்ரல் கடைசியில் பனிக்கட்டி விலகிய ஒரு சின்ன ஏரியில் வெள்ளோட்டம். ஓட்டுபவர் இடுப்பில் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு. 2021 முதல் கூட்டரசுச் சட்டம் அதைப் பல இடங்களில் கட்டாயமாக்கியிருக்கிறது. முழு வேகத்தில் நிமிடச் சுழற்சி 5500ஐத் தொடவில்லை. கரைக்கு வந்து, ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், அதாவது பிட்ச், குறைந்த விசிறி மாற்றியதும் 5800 வரை ஏறியது. அணியம் தூக்காமல் படகு சமமாக ஓடியது. வாடிக்கையாளர் குழந்தையாகச் சிரித்தார், 60ஐப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

கரையேற்றியதும் மகள் பின்பக்க மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். வாய்க்காலில் இரண்டு கரண்டித் தண்ணீர். இவ்வளவுதானே, தினமும் வடித்துக்கொள்கிறேன் என்றார் வாடிக்கையாளர், சனிக்கிழமையை மனதில் வைத்து. மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடி, ஏராவின் ஓரத்தில் ஒரு ரிவெட்டைக் காட்டினார். முதல் சோதனையில் கோடு மட்டும் போட்டுவிட்டிருந்த ரிவெட். அப்பா பார்த்தார், அதைப் பிடுங்க வேண்டுமென்றால் தரைப்பலகையும் ஃபோமில் ஒரு பகுதியும் எடுக்க வேண்டும், சனிக்கிழமை போய்விடும் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு டிரெய்லரைப் பட்டறைப் பக்கம் திருப்பினார்.