செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வேண்டும்

ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் கேர், அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்புக்கான தினம். கூட்டம், உறுதிமொழி எல்லாம் முடிந்ததும் பெயர் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். மார்ச் வருவதற்குள் அதில் பலர் போனை எடுக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் வீடு வீடாகப் போய் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் தன்னார்வலர்களுக்கு முறை போட்டுக் கொடுப்பது என் வேலை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் வீட்டுக்கு என்று யாரும் சொல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனசும் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க அரிசி மூட்டை கட்டினார்கள். அது வேறு வேகம். ஒரு கிழவிக்கு நகம் வெட்ட ஆள் தேடும்போதுதான் எங்கள் பாடு தெரியும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குமரிப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி. நர்ஸ் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்கிற நேரத்தில், டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கும் பெண் பாட்டியின் காலை வெந்நீரில் ஊற வைத்தாள். மஞ்சளித்துத் தடித்த நகம். அவசரப்பட்டால் சதையோடு போய்விடும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். "வாற செவ்வாயும் வருவியா மக்ளே?" என்றாள் பாட்டி. அந்தப் பெண்ணை நெடுநாள் பிடித்து வைத்தது அந்தக் கேள்விதான். நாங்கள் கொடுத்த பயிற்சியும் அடையாள அட்டையும் அந்த வேலையைச் செய்யவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கும். 1981-இல் ரீஜனல் கேன்சர் சென்டர் வந்ததிலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ரயிலேறி இங்கே வருகிறார்கள். டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லக் கரமனை, சாலைப் பகுதித் தமிழர்கள் துணைக்குப் போவதுண்டு; அப்படிப் போனவர்களும் எங்களிடம் வருவார்கள். சொந்தக்காரரைப் பறிகொடுத்த கையோடு வருபவரை மட்டும் நான் உடனே நோயாளி பக்கத்தில் விடுவதில்லை. எந்த வீட்டிலும் தன் அம்மாவையே தேடுவார். நாங்கள் இரவல் கொடுத்த வாட்டர் பெட் யார் வீட்டில் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று கணக்குப் பார்க்கச் சொல்வேன். துக்கம் ஆற அதுவும் ஒரு வழி.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் காட்ட வேண்டும். சான்றிதழுக்காக வருகிறார்கள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வரட்டுமே! எதற்காக வந்தாலும் பாட்டிக்கு நகம் வெட்டியாகிறது.

வருபவர்கள் நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் தொடங்கிய பாலியேட்டிவ் கேரை ஊர்மக்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலின் பாலியம் இந்தியா 2003-இல் வந்தது. 2008-இல் அரசு கொள்கையே அறிவித்தது. உள்ளாட்சிகள் சம்பளத்துக்கு நர்ஸ் வைத்தன. நல்லதுதான். ஆனால் "இனி நாம எதுக்கு?" என்று விலகியவர்களை நான் அறிவேன். நர்ஸ் வந்து போன பிறகு மீதி நாட்களில் பேச்சுத்துணைக்கு யார் வருவார்?

அரசு வேலையில் 56 வயதில் ஓய்வு பெற்று உற்சாகமாக வருகிறவரை, பேரப்பிள்ளை பிறந்ததும் துபாய்க்கோ பெங்களூருக்கோ கூப்பிட்டுக்கொள்வார்கள். அவரை நான் குத்திக்காட்டுவதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, வாட்ஸ்அப் குழுவில் இருங்கள் என்று அனுப்புகிறேன். குற்ற உணர்ச்சியோடு போனவர் தெருவில் பார்த்தாலும் ஒதுங்கிப் போவார். சிரித்துக்கொண்டு போனவர் ஊர் திரும்பியதும் போன் பண்ணுவார். டெக்னோபார்க் பெண்ணும் பிரசவத்துக்கு நின்றாள். குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்றிருக்கிறாள்.

இப்போதைக்குப் பஞ்சம் ஆண்களுக்குத்தான். கனத்த ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க, குளிப்பாட்ட இரண்டு பேராவது வேண்டும். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டிருக்கிறேன். மத்தியானம் சவாரி குறைவு, புதன்கிழமை வருகிறோம் என்கிறார்கள். எனக்கு வேண்டியது செவ்வாய்.