கைமணம் நாலு பேருக்குத் தெரியட்டும்!

நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதா என்று கூச்சப்படுகிறீர்களா? சுங்கை சிப்புட் பவித்ராவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்ட வேலை பார்த்த குடும்பம். 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, கணவர் சுகுவோடு சேர்ந்து தம் வீட்டுச் சமையலைப் படமெடுத்து யூடியூபில் போட்டார். பேசியது மலாய் மொழியில். மலாய்க்காரரும் சீனரும் உட்கார்ந்து பார்த்தார்கள். சில மாதங்களில் பல லட்சம் பேருக்கு அவர் வேண்டியவராகிவிட்டார். பளபளக்கும் அடுப்படி எதுவும் அவரிடம் இல்லை.

நான் முறுக்கு சுட்டு விற்பவள். வீட்டுக்காரரின் செம்பனைச் சம்பளம் அரிசி பருப்புக்கே சரி. மகளின் பஸ் காசு முறுக்கில்தான் வரவேண்டும். "மூஞ்சியைப் போட்டா முறுக்கு விக்கிறே?" என்று மாமியார் முணுமுணுத்தார். முகம் தெரிந்தால்தானே அம்மா நம்பி வாங்குவார்கள்!

பொட்டலத்தில் உள்ள பெயரையே முகநூலிலும் வைத்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதில் அன்றைக்குப் பிழிந்த முறுக்கு மட்டும். விலை, விற்கும் நாள் எல்லாம் முகநூலில் நிற்கும். கோயில் குழுவில் தினமும் போடாதீர்கள், அலுத்துப்போகும். பக்கத்து வீட்டு அக்காவின் ஊறுகாயையும் நான் பகிர்கிறேன். அவரும் என் முறுக்கைப் பகிர்கிறார்.

பிள்ளைகளைப் பள்ளிச் சீருடையோடு படமெடுத்துப் போடவேண்டாம். வாங்குவதுபோல் பேசி, கைப்பேசிக்கு வந்த 6 இலக்க எண்ணைக் கேட்பவனிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். அவன் முறுக்குக்கு வரவில்லை!