உரிய வேளையில் வரும் சொல்

எமது பாட்டனார் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்பேச்சு 1942ஆம் ஆண்டிலேதான் வந்து நிற்கும். அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கைக்குத் தெற்கே பறந்துகொண்டிருந்த லெனார்ட் பேர்ச்சல் என்னும் கனேடிய விமானி ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் அச்செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிவிட்டார். மறுநாள் கொழும்பிலும், 9ஆம் திகதி எமது துறைமுகத்திலும் குண்டுகள் விழுந்தன. “குண்டு விழுந்தது மெய், ஆனால் சொல்லாமல் விழவில்லை” என்பார் பாட்டனார்.

அக்கூற்றின் பொருள் எமக்கு விளங்கியது 2004 டிசெம்பர் 26ஆம் திகதியன்று. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அதனை அறியாத நாம், கொழும்பிலிருந்த நண்பரொருவருடன் பரீட்சையைப் பற்றித் தொலைபேசியில் நெடுநேரம் உரையாடிக்கொண்டிருந்தோம். 9 மணியளவில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்த அயல்வீட்டு மாமா திரும்பி வரவேயில்லை. இலங்கையில் அன்று மாண்டோர் 30,000 பேருக்கும் மேல்.

அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. மாமா மேட்டுக்கு நடந்து செல்லப் பத்து நிமிடம் போதும். கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் தந்திக்கம்பி இழுத்த நாடு இது. 1989இல் கைத்தொலைபேசியும் வந்துவிட்டது. கருவி இருந்தது. நில அதிர்வை அறிந்தவர் யாருக்கு அறிவிப்பது, அவர் கரையிலுள்ளோருக்கு எவ்வாறு அறிவிப்பது என்னும் ஒழுங்குதான் இந்து சமுத்திர நாடுகளில் இருக்கவில்லை.

பின்னர் அவ்வொழுங்கு உருவாயிற்று. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி, புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குப் பின் அதே கடலில் 8.6 அளவான அதிர்வு ஏற்பட்டது. வானொலி எச்சரித்தது, கைத்தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. பலகாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அயல்வீட்டு மாமியையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். பேரலை எதுவும் வரவில்லை.

மாலையில் வீடு திரும்புகையில், “வீணாக ஓடினோமே” என்று எம்மவர் சிலர் சலித்துக்கொண்டனர். மாமி மெல்லச் சொன்னார்: “வராத கடலுக்கு ஓடினதிலை என்ன நட்டம், தம்பி? அண்டைக்கு ஆராவது சொல்லியிருந்தால் அவரும் ஓடியிருப்பார்.” அதன்பின் ஒருவரும் பேசவில்லை.

ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு வளர்ச்சியை அங்குள்ள தொலைபேசிகளின் தொகையால் அளப்பது எமது மாணவரின் வழக்கம். நாமோ, கடைசி வீட்டுக்குச் சொல் போய்ச் சேர்ந்ததா என்றே அவர்களிடம் கேட்கிறோம். மாமியிடம் இன்றும் கைத்தொலைபேசி இல்லை. எச்சரிக்கை வந்தால் முதலில் அவர் வீட்டுப் படலையைத் தட்டுவது எமது கடமை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். வாசகர்களும் தத்தம் ஒழுங்கையில் அத்தகைய படலை எதுவென்று இன்றே பார்த்து வைத்தல் நன்று.