சிடியில பூட் ஆகலையா? ஃபார்மட் பண்ண ஒத்துக்காதீங்க!

சென்னையில பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு ரிப்பேர் கடைக்குப் போயிருக்கீங்களா? பொட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு தீர்ப்பு வரும். "ஃபார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுடலாம் சார்." அவங்களைக் குத்தம் சொல்லலை. அவங்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. ஆனா உள்ளே இருக்கறது என்னன்னு நமக்குத்தானே தெரியும்?

விண்டோஸ் படுத்துட்டாலும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கற ஃபைல் எல்லாம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஒரு லைவ் சிடியைப் போட்டு, அதுலேருந்து பூட் பண்ணி, வேணுங்கறதைப் பென் டிரைவ்ல காப்பி பண்ணிக்கலாம். சரி, அந்த சிடியே பூட் ஆகலைன்னா? அங்கேதான் முக்கால்வாசிப் பேர் மனசு விட்டுப்போய் ஃபார்மட்டுக்குத் தலையாட்டிடறாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

2022 டிசம்பர்ல நடந்தது. மயிலாப்பூர்ல சபா சீசன் களை கட்டியிருந்த நேரம். எங்க ஃப்ளாட் மாடியில இருக்கற மாமா, வருஷம் தவறாம மத்தியானக் கச்சேரிக்கு முதல் ஆளா கிளம்பறவர், ரெண்டு நாளா வெளியவே வரலை. என்னன்னு போய்க் கேட்டா, மூலையில இருந்த பொட்டியைக் காட்டினார். 2004-ல ரிச்சி தெருவுல அசெம்பிள் பண்ணின பென்டியம் 4, 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. ஆன் பண்ணினா கறுப்புத் திரையில 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்'. ஒரு கடையில ஃபார்மட்னு சொல்லிட்டாங்களாம்.

"அவ குரல் அதுலதாம்ப்பா இருக்கு. வேற எங்கேயும் இல்லை."

மாமி தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சு. 2005-ல அமெரிக்காவுல பேத்தி பொறந்தப்போ, போக முடியாம, மைக் வாங்கி மாட்டி தாலாட்டுப் பாடி ரெக்கார்ட் பண்ணி அனுப்பினாங்களாம். அனுப்பின சிடி அங்கே வீடு மாத்தறப்போ தொலைஞ்சாச்சு. மிச்சம் இருந்தது இந்த ஒரு டிஸ்க். "அது மட்டும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது" - மாமாவோட ஒரே கண்டிஷன். அந்த வயசு பொட்டி பென் டிரைவ்ல பூட் ஆகாது. ஆக, சிடிதான் வழி. அவரோட மருமான் ஏற்கனவே ஒரு சிடி எழுதிக் குடுத்திருந்தான். பொட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

இங்கே ஒரு நிமிஷம் தியரி. பொட்டி ஆன் ஆனதும் பயாஸ் முழிச்சுக்கும். மெமரி இருக்கா, கீபோர்டு இருக்கான்னு பார்த்துட்டு, தன்கிட்ட இருக்கற லிஸ்ட்படி ஒவ்வொரு டிரைவா 'உங்கிட்ட பூட் பண்ண ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டுக்கிட்டே போகும். சிடியில அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. பூஜ்யத்துலேருந்து எண்ணினா 17-வது செக்டார். அங்கே ஒரு குறிப்பு இருக்கணும். அது சொல்ற இடத்துலேருந்துதான் பூட் தொடங்கும். 1995-ல ஃபீனிக்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து போட்ட விதி இது. பேரு 'எல் டொரிடோ'. கலிஃபோர்னியாவுல அந்தப் பேர்ல இருக்கற ஹோட்டல்ல சாப்பிட்டுக்கிட்டே யோசிச்சதால இந்தப் பேருன்னு ஒரு கதை உண்டு. நம்ம ஊரா இருந்தா ரத்னா கஃபேன்னு வெச்சிருப்போம் :-)

அதாவது இது ஒரு சங்கிலி. பயாஸ், லிஸ்ட், கேபிள், லென்ஸ், தட்டு, தட்டுல எழுதின விதம். எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில தெரியறது ஒண்ணேதான்: சிடி பூட் ஆகலை. அதனால ஒவ்வொரு கண்ணியா இழுத்துப் பார்க்கணும். ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

முதல் கண்ணி, லிஸ்ட். டிலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள்ள போனா தேதி 2002 ஜனவரி 1-னு நிக்குது. இது ரொம்ப முக்கியமான துப்பு மக்களே! மதர்போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032, 3 வோல்ட். அது செத்துப்போனா, பிளக்கைப் பிடுங்கின ஒவ்வொரு தடவையும் பயாஸ் எல்லாத்தையும் மறந்துடும். 'முதல்ல சிடியைப் பாரு'ன்னு நீங்க செட் பண்ணினதும் போயிடும். தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு வாட்ச் கடையிலயே பேட்டரி கிடைச்சுது. மாத்தினதும் தேதி நின்னுது, லிஸ்ட்டும் நின்னுது.

ரெண்டாவது, கேபிள். பயாஸ்ல ஹார்ட் டிஸ்க் பேர் தெரியுது, டிவிடி டிரைவ் பேரே காணோம். பயாஸுக்கே தெரியாத டிரைவ்லேருந்து எப்படி பூட் ஆகும்? பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட்டோட இரும்பைத் தொட்டு உடம்புல இருக்கற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டுத் திறந்தேன். அந்தக் காலத்து பட்டை கேபிள், ஒரு பக்கம் லேசா கிளம்பியிருந்தது. (பட்டையைப் பிடிச்சு இழுக்காதீங்க, முனையில இருக்கற பிளாஸ்டிக்கைப் பிடிங்க.) ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் இருந்தா பின்னாடி இருக்கற ஜம்பரையும் பாருங்க. ஒண்ணு மாஸ்டர், இன்னொண்ணு ஸ்லேவ். ரெண்டுமே மாஸ்டர்னா சண்டைதான். இங்கே ஜம்பர் சரி. கேபிளை அழுத்தினதும் டிரைவ் பேர் வந்துடுச்சு.

மூணாவது, எழுதின விதம். மருமான் குடுத்த சிடியை என் லேப்டாப்ல போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல், முடிவுல 'டாட் ஐ.எஸ்.ஓ.' அங்கேயே விஷயம் முடிஞ்சுது. ஐ.எஸ்.ஓ. ஃபைலை சும்மா காப்பி பண்ணி எழுதினா சிடி பூட் ஆகாது, 17-வது செக்டார்ல குறிப்பு இருக்காது. 'பர்ன் இமேஜ்'னு குடுத்து எழுதணும். சரியா எழுதின சிடியில பல ஃபோல்டர் தெரியும். போதாக்குறைக்கு அது 64 பிட்டுக்கான லினக்ஸ். இந்த பென்டியம் 32 பிட், பூட் ஆகியிருந்தாலும் அடுத்த வரியில நின்னிருக்கும்.

பப்பி லினக்ஸோட பழைய பதிப்பு ஒண்ணு, 150 எம்.பி.க்குள்ளதான். அதை ஒழுங்கா சிடியில எழுதி என் பொட்டியில சோதிச்சேன், பூட் ஆச்சு. மாமா பொட்டியில போட்டா தட்டு சுத்துது, நிக்குது, மறுபடி சுத்துது. அவ்வளவுதான். மாமா முகத்தைப் பார்க்க முடியலை.

நாலாவது கண்ணி, லென்ஸ். அலமாரியில இருந்த ஒரு சினிமா டிவிடியைப் போட்டா, 'இதுல பூட் பண்ண ஒண்ணும் இல்லை'ன்னு உடனே பதில் வருது. அதாவது டிவிடியைப் படிக்குது, சிடியைப் படிக்கலை! இது எப்படின்னா, டிவிடி டிரைவ்ல ரெண்டு லேசர் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒண்ணு மங்கிப்போயிட்டாலும் இன்னொண்ணு வேலை செய்யலாம். அதே பப்பியை ஒரு வெத்து டிவிடியில எழுதினா என்ன? ஐ.எஸ்.ஓ.வுக்கு சிடியும் ஒண்ணுதான், டிவிடியும் ஒண்ணுதான்.

பறக்கும் ரயில்ல சிந்தாதிரிப்பேட்டை இறங்கி, ரிச்சி தெருவுல வெத்து டிவிடி கேட்டேன். கடைப் பையன் ஏதோ தொல்பொருள் கேட்ட மாதிரி பார்த்துட்டு, உள்ளேருந்து தூசி தட்டி எடுத்துக் குடுத்தான். எழுதினேன், போட்டேன். ரெண்டு நிமிஷத்துல நாய்க்குட்டி படத்தோட டெஸ்க்டாப் வந்துடுச்சு. ஹார்ட் டிஸ்கை 'ரீட் ஒன்லி'யா மவுண்ட் பண்ணினேன். படிக்கலாம், எழுத முடியாது. அதனால எதுவும் அழிய வாய்ப்பில்லை.

'பாட்டு'ன்னு ஒரு ஃபோல்டர். 23 வேவ் ஃபைல். எல்லாமே ஒரு நிமிஷம், அதுக்கு மேல இல்லை. எக்ஸ்பியில இருந்த சவுண்ட் ரெக்கார்டர் 60 செகண்டோட நின்னுடும், ஞாபகம் இருக்கா? மாமி பாடப்பாட பாதி வரியில அது நின்னு, அடுத்த ஃபைல்ல அதே வரியிலேருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. முதல் ஃபைலைப் போட்டதும் "நீலாம்பரி"ன்னார் மாமா. அப்புறம் ஒண்ணும் பேசலை. நானும் பேசலை. 23-ஐயும் ரெண்டு பென் டிரைவ்ல காப்பி பண்ணினேன். ஷட்டவுன் பண்றப்போ பப்பி 'சேவ் பண்ணவா?'ன்னு கேட்கும், வேண்டாம்னு சொல்லிடணும்.

புதுப் பொட்டி வெச்சிருக்கறவங்களுக்கு சங்கிலி கொஞ்சம் வேற. இப்போ பயாஸ் இடத்துல யு.இ.எஃப்.ஐ. வந்தாச்சு. 2012-ல விண்டோஸ் 8 வந்ததுலேருந்து செக்யூர் பூட்டும் சேர்ந்துக்கிச்சு. பழைய தட்டுல பயாஸுக்கான வழி மட்டும் இருந்தா புது லேப்டாப் அதைக் கண்டுக்காது. தட்டு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. தி.நகர்ல ஒரு நண்பர் யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் வாங்கி இப்படித்தான் மல்லுக்கட்டிக்கிட்டிருந்தார். செக்யூர் பூட்டை நிறுத்தி, 'லெகஸி' அல்லது 'சி.எஸ்.எம்.'னு இருக்கறதை ஆன் பண்ணினதும் ஓடுச்சு. அந்த வசதியே இல்லாத லேப்டாப்னா புது லினக்ஸை பென் டிரைவ்ல போடறதுதான் வழி.

ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டா மட்டும் இது எதையும் செய்யாதீங்க. உடனே ஆஃப் பண்ணிட்டு, டேட்டா ரெகவரி தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. சத்தம் இல்லைன்னா பொறுமையா ஒவ்வொரு கண்ணியா பாருங்க: தேதி, லிஸ்ட், கேபிள், தட்டு, லென்ஸ். காப்பி எடுத்து, அது இன்னொரு பொட்டியில திறக்குதான்னு பார்த்த பிறகு யார் வேணா ஃபார்மட் பண்ணிக்கட்டும். அதுவரைக்கும் ஸ்க்ரூடிரைவரை அவங்க கையில குடுக்காதீங்க.