ஒரு லிட்டர் தண்ணீரும் 14 மாத்திரைகளும்

சம்பா அறுவடை முடிந்த கோடை அது. திருக்கடையூரில் எங்கள் பேரனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பதினொரு மாதக் குழந்தை. அஸருக்குள் எட்டு முறை போய்விட்டான். வயிற்றைக் காயப்போட வேண்டும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் பெரியவர்கள் சொன்னோம். நன்னி தண்ணீர் ஓதி வைத்தார்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் சிங்க் மாத்திரை அட்டை ஒன்றும் தந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினோம். குழந்தை துப்பினான். குடிக்க மறுக்கிறான் என்று வருந்தினோமேயன்றி, நாக்கில் வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் வந்த செவிலியர் டம்ளரைக் கண்டு பதறிவிட்டார். அந்தப் பொட்டலம் முழு லிட்டருக்கானது. தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பு ஏறி மருந்தே தீங்காகும். எங்கள் செம்பு எவ்வளவு கொள்ளும் என்பது ஐம்பது ஆண்டு புழங்கிய நன்னிக்கும் தெரியாது! கடைசியில் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் அளவாயிற்று.

“ஏம்மா, ஓதின தண்ணியில கலக்கலாமா?” என்று நன்னி கேட்டார்.

“கொதிக்க வெச்சு ஆறின தண்ணின்னா தாராளமா கலக்கலாம்மா. ஒரு லிட்டர் சரியா இருக்கணும். பாலை மட்டும் நிறுத்தாதீங்க.”

இக்கரைசலின் வலிமை 1971லேயே வெளிப்பட்டது. வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். முப்பது விழுக்காடாயிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அங்கே மருந்து கொடுத்த கைகள் தாய்மாருடையவை, உடன்பிறந்தாருடையவை. சிங்க் பின்னர் வந்தது. 2004ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதனை இக்கரைசலோடு சேர்த்துப் பரிந்துரைத்தன. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., குறைந்த குழந்தைக்கு 10 மி.கி.; நம் நாட்டில் 14 நாள் தருகிறார்கள். இரத்தம் கலவாத சாதாரண வயிற்றுப்போக்கிற்கு ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை என்பதும் அதே வழிகாட்டுதல்தான். மூத்த பேத்திக்கு முன்பொருமுறை ஒரு கிளினிக்கில் அது எழுதப்பட்டது. மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. “வலுவா ஏதாவது குடுங்க” என்று வற்புறுத்தியவர்கள் நாங்கள்.

நான்காம் நாள் போக்கு நின்றது, அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை அட்டையை உடனே அலமாரியில் ஏற்றிவிட்டோம். நின்ற பிறகும் எதற்கு மருந்து என்ற எண்ணந்தான். குடலின் உட்சுவர் தேறவும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் நோய் திரும்பாதிருக்கவும்தான் மீதி நாட்கள் என்று செவிலியர் விளக்கியபின் அட்டை கீழே இறங்கிற்று.

தொழுகை நேர நாட்காட்டியின் ஆணியிலேயே நன்னி அதனைத் தொங்கவிட்டார். மஃரிபு முடிந்ததும் ஒரு மாத்திரை தாய்ப்பாலில் கரையும். எத்தனை மீதமென்று அவர் தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல் விரலால் தடவி எண்ணுவார். பதினான்காம் மஃரிபில் வெற்று அட்டையை மருமகளிடம் நீட்டி, “இன்னொண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?” என்று கேட்டார்.